இடப்பக்கம்

கடைசி வளைவில் காரின் இடப்பக்கக் கண்ணாடி கல்சுவரில் உரசித் தெறித்தது. பெரிய சத்தமில்லை. முட்டை ஓட்டை மிதித்தது போல ஒரு சத்தம்தான். முன்சீட்டில் இருந்த அவள் முழங்கையை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். சுவர் வருவதை அவள் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். இதோ திருப்பிவிடுவார், இதோ திருப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

“லெஃப்ட்ல சுவர் மாமா!” பின்சீட்டிலிருந்து அவள் தம்பி கத்தினான்.

“மோதினப்புறம் சொல்றதுக்கு உனக்கு எதுக்குடா சம்பளம்?” என்று சிரித்தார் அவள் கணவர். வண்டியை நிறுத்தவில்லை.

“அது என் காரு மாமா.”

“அதான் உரசிச்சு. என் பஸ்ஸா இருந்தா உரசுமா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டான்.

அவர் நகரப் பேருந்தின் ஓட்டுநர். தம்பி அதே பஸ்ஸில் கண்டக்டர். அக்காவோடு வந்து அக்கா வீட்டிலேயே வளர்ந்து, மாமா அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்த வேலையில் சேர்ந்தவன். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவன்தான் பிள்ளை. டெப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். ‘நிதானம் வண்டியை எடுத்துட்டாரா?’ என்றுதான் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய எந்த பஸ்ஸிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கண்டவர்கள் கண்டபடி குறுக்கே வருகிற சந்தைத் தெருவில்கூட அவர் பஸ் பால் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிப் போவது மாதிரிதான் போகும்.

மலைச் சைக்கிள் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. முதல் ஷிப்டுக்கு டெப்போவரை சைக்கிளில்தான் போவார். அப்புறம் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். மரங்களுக்கு நடுவே மண்பாதையில் சைக்கிள்கள் துள்ளித் துள்ளி இறங்கும். சாப்பிடும்போதும் பார்ப்பார். “பாரேன், ஒரு ஸ்டாப்பிங் கிடையாது. ஏத்தி இறக்க யாரும் கிடையாது. இப்படி ஒரு ரோடுல ஒரு தடவையாவது போகணும்” என்பார். லீவு கிடைப்பதும் யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்து அது ரத்தாவதும் வருஷா வருஷம் நடந்தது. இந்த முறைதான் கிடைத்த லீவு கையில் நின்றது.

ஊருக்குள் நுழையும்போது மதியமாகியிருந்தது. சீசன் முடிந்துபோன ஊர். பாதிக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. கம்பளி விற்கிற கடைக்காரர் மட்டும் வாசலில் நின்று, வருகிற காரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். கீழே பள்ளத்தாக்கில் எங்கோ ஒரு ஹார்ன் நீளமாக ஒலித்தது. எதிர்மலையில் பட்டு இன்னொரு ஹார்னாகத் திரும்பி வந்தது.

“எந்தப் பக்கம்டா வருது அது?” என்றார் அவர்.

“மரம் ஏத்துற லாரியா இருக்கும் மாமா. கீழே எங்கேயோ.”

“ரெண்டு பக்கமும் கேக்குதே.”

விடுதிக்காரம்மா சாவியோடு படியிறங்கி வந்தார். அறை மாடியில். இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்த கணவரின் இடது தோள் வாசல்நிலையில் ‘தட்’ என்று இடித்தது.

“பாத்து சார், வாசல் கொஞ்சம் சின்னது” என்றார் விடுதிக்காரம்மா.

வாசல் சின்னதாக இல்லை. பீரோவையே தூக்கிக்கொண்டு போகலாம். வீட்டில் குளியலறைக் கதவிலும் அதே தோளைத்தான் அவர் இடித்துக்கொண்டிருந்தார். அவள் அழகு நிலையம் நடத்துகிறவள். நாள் முழுக்க எதிரே இருக்கிற கண்ணாடியில் முகங்களின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. போன மாதம் ஒருநாள் தலைவலி என்று அவர் சுருண்டு படுத்தார். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான், அவர் சவரம் செய்துவிட்டு வரும்போதெல்லாம் இடது தாடையில் காதோரமாக ஒரு பட்டை மயிர் நின்றுபோவதைப் பார்த்தாள். முதல்நாள் கேலி செய்தாள். இரண்டாம்நாள் அவளே ரேசரை வாங்கி வழித்துவிட்டாள். அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று ஒருமுறை வாயெடுத்தாள். “கண்ணு டெஸ்ட்டுன்னு ஒண்ணு எழுதிட்டான்னா ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிடுவாங்க. அப்புறம் டெப்போல உக்காந்து டயர் எண்ணணும். லீவு முடிஞ்சு வந்து போலாம்” என்றார். கண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

சாப்பாட்டு அறையில் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான். சோறும் குழம்பும் பொரித்த மீனும் வந்தன. அவர் ருசித்துச் சாப்பிட்டார். தட்டின் வலது பாதி துடைத்தது போலக் காலியானது. இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது, நடுவில் கோடு கிழித்தது மாதிரி. மீனும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

“மீன் தரேன்னாங்க, குடுக்கலையே” என்றார் அவர்.

அவள் தண்ணீர் எடுக்கிறவள் போலக் கையை நீட்டி, அவர் தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். வீட்டில் தினமும் செய்கிற வேலைதான். கை தன்னால் செய்தது.

“அட, இங்கதான் இருக்கா!” என்று மீனை எடுத்தார்.

நிமிர்ந்தபோது தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் சோறு உருண்டையாக நின்றது.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

சாப்பிட்டதும் அவர் உடை மாற்றப் போனார். தம்பி காரின் மேலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ்ஸெல்லாம் நல்லா ஓட்டறாரா?”

“அவருக்கு என்னக்கா. சூப்பரா ஓட்டறாரு.” முடிச்சை அவிழ்ப்பதிலேயே குறியாக இருந்தான். “நான்தான் இப்பல்லாம் முன்படிக்கிட்டயே நின்னுக்கறேன்.”

“ஏன்?”

“காத்து வரும்” என்றான்.

முடிச்சு அவிழ்ந்து வெகுநேரமாகியும் அவன் விரல்கள் அதையே நோண்டிக்கொண்டிருந்தன. அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று தோன்றியது.

கணவர் புதுச் சட்டையும் முழங்கால் கவசமும் ஹெல்மெட்டுமாக இறங்கி வந்தார். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று அவர் முகத்தில் திரும்பி வந்திருந்தது.

“இன்னிக்கே போகணுமா?” என்றாள். “வந்த களைப்பு. நாளைக்குக் காலையில போலாமே.”

“வெயில் அடிக்குது பாரு. நாளைக்கு மழை வந்தா? சின்ன ரவுண்டுதான். ஒரு ட்ரிப் அடிச்சுட்டு டீக்கு வந்துடுவேன்.”

“அவன் முன்னாடி போகட்டும்.”

“கண்டக்டர் என்னிக்கு முன்னாடி போயிருக்கான்? என்ன மாப்ள?”

தம்பி சைக்கிளில் ஏறினான். அவள் அருகில் போய் அவர் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிவிட்டாள். இன்றைக்கும் காதோரம் அந்தப் பட்டை நின்றிருந்தது. வழித்துவிட்டிருக்கலாம். கிளம்பும் அவசரத்தில் மறந்துபோனது.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு காவலாளி கம்பித் தடுப்பைத் தூக்கிவிட்டார். “நடுவுல மரம் வெட்டற ரோடு ஒண்ணு குறுக்கே போகும். இன்னிக்கு லாரி ஓடுது. நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போங்க சார்.”

“ரோடு எனக்குப் புதுசாண்ணே?” என்றார் அவர். “நான் பஸ் டிரைவர்.” பிறகு திரும்பி, “கண்டக்டர், எடுக்கலாமா?”

தம்பி விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தான். “போலாம் ரைட்.”

மரங்கள் அவர்களை வாங்கிக்கொண்டன. கொஞ்ச நேரம் சக்கரச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

பாதை முடிகிற இடத்துக்கு அவள் தார்ச்சாலை வழியே நடந்தே போனாள். அங்கே ஒரு டீக்கடை, ஒரு பெஞ்சு, சைக்கிள் கழுவத் தண்ணீர்க் குழாய். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சேறு தெறித்த முகங்கள், பற்கள் மட்டும் வெள்ளையாக. ஒவ்வொருவரும் அவராகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறொருவராக ஆனார்கள்.

அப்போது ஹார்ன் கேட்டது. மதியம் கேட்டது போல ஒரே இழுப்பாக இல்லை. விட்டுவிட்டு, விட்டுவிட்டு, பிறகு விடாமல். மலை அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தூக்கிப் போட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. ஹார்ன் நின்றது. எதிரொலி ஒருமுறை வந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல், எந்தப் பக்கம் நடப்பது என்றும் தெரியாமல் நின்றாள்.

ஒரு பெண் வேகமாக இறங்கி வந்து சைக்கிளைக் கீழே போட்டாள். “லாரி ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுட்டாரு. வண்டி, வண்டி ஏதாவது இருக்கா?”

“எப்படிப்பட்டவர்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வயசானவர். கூட ஒரு பையன் இருக்கான். ‘மாமா மாமா’ன்னு கத்திக்கிட்டிருக்கான்.”

ஊரிலிருந்த ஆஸ்பத்திரி சிறியது. எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கே பழகியது. அவள் போய்ச் சேர்வதற்குள் காட்டு இலாகா ஜீப்பில் அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். வெளியே பெரிதாகக் காயமில்லை. முகத்தில் ஒரு சிராய்ப்பு. உள்ளேதான் ரத்தக் கசிவு என்றார் டாக்டரம்மா. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்து, அவர் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். தம்பி அந்தப் பக்கம் நின்றான். அவன் சட்டை முழுக்கச் சேறு. விரல்களில் செயின் எண்ணெய்.

அவர் கண் விழித்தே இருந்தார். தம்பியைப் பார்த்தார். “எங்கேருந்து வந்தான்னே தெரியல மாப்ள.”

“செயின் கழண்டுடுச்சு மாமா. மாட்டிட்டிருந்தேன். ஒரு நிமிஷம்தான் மாமா. நான் சொல்றதுக்குள்ள...”

“விடு. அக்கா எங்க?”

தம்பியின் கண் எதிரே உட்கார்ந்திருந்த அவள்மேல் போனது.

“எங்கடா அவ? ரூம்லயே இருக்காளா? யாராவது போய்ச் சொல்லுங்க. பயந்துடப்போறா.”

“நான் இங்கதான் இருக்கேன்” என்றாள். கையை அழுத்தினாள்.

அவர் குரல் வந்த திசையைத் தேடினார். கண்கள் தம்பியைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, வலப்பக்கச் சுவர்வரை போய் அங்கேயே துழாவின. “குரல் கேக்குதே” என்றார். அவர் கை அவள் கைகளுக்குள் சூடாக இருந்தது.

சலைன் பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். “வலது பக்கமே பாக்கறாரே. இது முன்னாடியிலிருந்தே இருக்கா? இல்ல, அடிபட்டப்புறமா?”

அக்காவும் தம்பியும் கட்டிலுக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதியம் சாப்பாட்டு மேஜையில் பார்த்துக்கொண்ட அதே பார்வைதான். இப்போது இருவருமே கண்ணை எடுக்கவில்லை. பிறகு தம்பி சுற்றிக்கொண்டு வந்தான். அவள் தோளைப் பிடித்து எழுப்பினான். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி அவளை நடத்திக்கொண்டு போய் வலப்பக்கம் நிறுத்தினான்.

அவர் முகம் தெளிந்தது. “வந்துட்டியா? இவ்வளவு நேரம் எங்க போன?”

“டீ குடிக்கப் போனேன்.”

“எனக்கு வாங்கலையா?”

“வாங்கிட்டு வரேன்.”

“வேண்டாம், இரு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பாதி வழி ரொம்ப நல்லா இருந்துச்சு. நீயும் பாத்திருக்கணும். ஒரு ஸ்டாப்பிங்...” என்று ஆரம்பித்துவிட்டு, எதையோ யோசிக்கிறவர் போல நிறுத்தினார்.

யோசித்து முடித்துச் சொல்வார் என்று அவள் குனிந்து காத்திருந்தாள். டாக்டரம்மா அவளை மெல்ல நகர்த்திவிட்டு முன்னால் வந்தார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

வெளியே படியில் லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். கணவரின் வயதுதான் இருக்கும். கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார், குளிரில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. அவளைப் பார்த்ததும் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ஹார்ன் அடிச்சேம்மா. விடாம அடிச்சேன். லோடு வண்டி, இறக்கத்துல டக்குனு நிக்காது. அவரும் ஹார்ன் கேட்டுத் திரும்பினாரும்மா. நான் கண்ணால பாத்தேன். ஆனா அந்தப் பக்கம் திரும்பினாரு. நான் இந்தப் பக்கமில்ல வரேன்...” வலது கையாலும் இடது கையாலும் காற்றில் காட்டிக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் நின்றிருந்த போலீஸ்காரர் அவரை அதட்டி உட்கார வைத்தார். அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். “கேஸு இவன்மேலதாம்மா. அதிவேகம், அஜாக்கிரதை. லைசென்ஸ் போயிடும். உள்ள தள்ளிடலாம். நீங்க கவலைப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு உடம்புல ஏதாவது பிரச்சனை இருந்துச்சா? கண்ணு, காது? ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கறேன். இல்லன்னு போட்டுக்கவா?”

தம்பி அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு விடுவது அவள் கழுத்தில் பட்டது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிதானம் என்ற பெயர் அப்படியே நிற்கும். டெப்போவில் படத்தை மாட்டுவார்கள். ஆமாம் என்றால், ஒரு மாதமாக அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் நினைத்துப் பார்ப்பார்கள். அந்த பஸ் எப்போதும் இடப்பக்கம்தான் ஓரங்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் நிற்பதும் அந்தப் பக்கம்தான். முன்படியில் நின்றவன் யார் என்று கேட்பார்கள்.

லாரி டிரைவர் இன்னும் கைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு எதிரே யாருமில்லை.

“அவருக்கு இடது பக்கம் தெரியாது” என்றாள்.

போலீஸ்காரரின் பேனா நின்றது. “என்னம்மா?”

“இடது பக்கம் எது இருந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒரு மாசமா. தட்டுல சோறு இருந்தாலும் தெரியாது.”

“வேற யாருக்காவது தெரியுமா? வேலை செய்யற எடத்துல?”

“அக்கா...” என்றான் தம்பி.

“நீ போய்த் தண்ணி வாங்கிட்டு வா.”

“அக்கா, நானும்...”

“தொண்டை வறளுதுடா. போ.” திரும்பாமலே சொன்னாள். அவன் காலடி படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு போலீஸ்காரரைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுல வெச்சுத்தான் பாத்தேன். வெளிய யாருக்கும் தெரியாது.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

தம்பி தண்ணீர் பாட்டிலோடு வந்தபோது லாரி டிரைவர் அவள் காலருகே படியில் உட்கார்ந்து குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவள் அழவில்லை. பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, அந்த மனிதரிடம் நீட்டினாள்.

காலையில் உடலை ஆஸ்பத்திரி வேனில் ஏற்றினார்கள். கூடவே உட்கார்ந்து வரலாம் என்றார்கள். தம்பியைத் தனியாகக் கார் ஓட்டிவர விட அவளுக்கு மனமில்லை. வேன் முன்னால் போகட்டும், பின்னாலேயே வருகிறோம் என்றாள். விடுதிக்காரம்மா பைகளைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தார். நேற்று ராத்திரி முழுக்க அக்காவும் தம்பியும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். செய்தி சொல்லவேண்டியவர்களுக்குப் போன் செய்தார்கள்.

தம்பி டிரைவர் சீட்டில் ஏறினான். மாமா கால் நீளமானவர். சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். தம்பியின் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. கை தன்னால் சீட்டுக்கு அடியில் போய், நெம்புகோலைத் தேடிப் பிடித்தது.

பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, முதுகு எதிலும் சாயாமல், ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்தாற்போலப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான். வேன் முதல் வளைவில் திரும்பியது. அவனும் திரும்பினான். அவனுக்கும் சீட்டுக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மலை இறங்கி முடியும்வரை அவன் அப்படியே ஓட்டினான்.